கொல்லிமலை ஏறிய டிப்பர்... எழுபது வளைவுகள் கற்றுத்தந்த பாரக் கணக்கு!

நாமக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று முட்டை, இன்னொன்று லாரி. ஊருக்கு நடுவே ஒரே பாறையாக நிற்கும் மலைக்கோட்டை, அடிவாரத்தில் நரசிம்மர், எதிரே கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் ஆஞ்சநேயர். கும்பிட்டுவிட்டு எந்தச் சாலையில் வெளியேறினாலும் லாரிக்கு 'பாடி' கட்டும் பட்டறைகள் கண்ணில் படும். வெல்டிங் வெளிச்சமும் சம்மட்டிச் சத்தமும் ஓயாத ஊர். லாரிக்குக் கூண்டு கட்டும் அதே கைகள்தான் சுற்றுவட்டார விவசாயிகளுக்கு டிராக்டர் டிரெய்லரும் டிப்பரும் செய்து தருகின்றன.

அப்படி ஒரு பட்டறைக்குப் புரட்டாசி மாதத்தில் ஒருநாள் கொல்லிமலையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் ஐம்பதைத் தாண்டிய மலை விவசாயி. செம்மேட்டுக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, அடியில் காப்பி, சரிவில் மரவள்ளி. இன்னொருவர் அவருடைய அக்காள் மகன், இருபத்தாறு வயது. அன்னாசியும் பலாவும் ஏற்றி மலைக்கும் சமவெளிக்கும் தினமும் பிக்கப் ஓட்டுபவர். மூன்று டன் டிப்பர் ஒன்றுக்கு இரண்டு மாதம் முன்பே முன்பணம் கொடுத்திருந்தார்கள். வேலை முடிந்துவிட்டது என்று தகவல் வந்ததும் பிக்கப்பிலேயே இறங்கி வந்துவிட்டார்கள். டிராக்டர் மலைமேல் வீட்டு வாசலில் நின்றது.

பெயின்ட் வாசனை மாறாத டிப்பரைச் சுற்றிவந்த இளைஞர் சொன்னார்: "மாமா, இதுக்காக டிராக்டரை எழுபது வளைவு இறக்கி, திரும்ப ஏத்தணுமா? ஒரு நாள் பொழப்பும் டீசலும் தண்டம். பிக்கப்புக்குப் பின்னால ஒரு கொக்கி அடிக்கச் சொல்லுங்க. கட்டி இழுத்துட்டுப் போயிடறேன். வீட்டு வேலைக்குச் செங்கல் ஆயிரம் வேணும்னு சொன்னீங்களே, அதையும் இதுலயே போட்டுக்கலாம்."

கேட்பதற்கு நல்ல யோசனை. ஒரே நடையில் டிப்பரும் செங்கல்லும் வீடு சேரும். மாமனுக்கும் ஆசைதான். பட்டறைக்காரர் மட்டும் தலையை ஆட்டவில்லை.

"உங்க பிக்கப் ஆர்.சி.யைக் கொஞ்சம் காட்டு தம்பி" என்றார்.

ஏற்றும் எடை வேறு... இழுக்கும் எடை வேறு!

ஆர்.சி.யில் இரண்டு எண்கள் இருந்தன. வண்டியின் வெற்று எடை 1,690 கிலோ. சரக்கோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,990 கிலோ. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 1,300 கிலோ. ஓட்டுநர், கூட வருபவர், சரக்கு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இழுவை எடை என்று அதில் எதுவும் இல்லை.

பட்டறைக்காரர் சாக்பீஸை எடுத்துத் தகரத்தில் எழுதினார். நாட்டுச் செங்கல் ஒன்று ஏறக்குறைய 3 கிலோ. ஆயிரம் கல் 3,000 கிலோ. டிப்பரின் வெற்று எடை 1,200 கிலோ. ஆக, பின்னால் வருவது 4,200 கிலோ. முன்னால் இழுக்கும் பிக்கப் 1,690 கிலோ. கூட்டினால் 5,890.

"உன் வண்டி பிரேக்கை 2,990 கிலோவை நிறுத்தத்தான் கம்பெனிக்காரன் செஞ்சிருக்கான். நீ அதுல 5,890 கிலோவைத் தொங்கவிடறே. ஏறும்போது கிளட்ச் கருகும். அது போனா பணத்தோட போச்சு. எங்கியாச்சும் நின்னு பின்னால உருள ஆரம்பிச்சா என்ன பண்ணுவே? மாடுதான் வண்டியை இழுக்கணும், வண்டி மாட்டை இழுக்கக் கூடாது."

பிக்கப்பில் வீட்டையே கட்டி இழுத்துப் போகும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் வைத்த 'கேம்பிங் டிரெய்லரை' பிக்கப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு குடும்பத்தோடு மலைக்கும் ஏரிக்கும் விடுமுறை போகிறார்கள். அதற்கென்றே அங்கே வண்டி விற்கிறவர்கள் ஒவ்வொரு பிக்கப்புக்கும் இழுவைத் திறனைத் தனியாகக் குறிப்பிடுகிறார்கள். சட்டத்திலேயே கொக்கி பொருத்த இடம், டிரெய்லர் பிரேக்குக்கு மின்இணைப்பு, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கு ஒரு வரம்பு என எல்லாம் உண்டு. குறிப்பிட்ட எடைக்கு மேல் போனால் டிரெய்லருக்கும் தனியாகப் பிரேக் இருக்க வேண்டும் என்று பல மாநிலங்களில் சட்டமே இருக்கிறது.

அவ்வளவு இருந்தும் அங்கேயும் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் இழுவைத் திறனை மட்டும் பார்த்து டிரெய்லர் வாங்கிவிடுவார்கள். டிரெய்லரின் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை கொக்கியின்மேல் உட்காரும். அந்தப் பாரமும் பிக்கப் சுமக்கும் சரக்குக் கணக்கில்தான் சேரும். குடும்பமும் சாமான்களும் ஏறிய பிறகு அதற்கு இடமே மிச்சமிருக்காது. ஏற்றும் எடை, இழுக்கும் எடை, கொக்கியில் விழும் எடை என்ற மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது அங்கே பாலபாடம். இங்கே டிராக்டருக்கும் டிப்பருக்கும் அதே பாடம்தான்.

இளைஞருக்கு மனசு ஆறவில்லை. "அப்போ டிராக்டர்ல மட்டும் ஆயிரம் கல்லு ஏறிடுமா? நாற்பத்தஞ்சு எச்.பி. இருக்குதே!"

"எச்.பி. இருக்குது. பிடி இருக்குதான்னு பார்க்கலாம். வண்டியைக் கொண்டாங்க" என்றார் பட்டறைக்காரர்.

எச்.பி. இழுக்கும்... டயர்தான் பிடிக்கும்!

மறுநாள் டிராக்டர் மலை இறங்கி வந்தது. முதல் வேலையாக எடை மேடைக்குப் போனார்கள். ஓட்டுநரோடு சேர்த்து டிராக்டர் 2,000 கிலோ. பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தியபோது 1,250 கிலோ. அப்படியானால் முன் சக்கரங்களின்மேல் 750. எடைச் சீட்டுக்குக் கொடுத்த காசைவிட மலிவான பாடம் கிடையாது.

கணக்கு இதுதான். டிராக்டர் 2,000, டிப்பர் 1,200, செங்கல் 3,000. மொத்தம் 6,200 கிலோ. பத்து அடி போனால் ஓர் அடி உயரும் ஏற்றம் ஒன்று வழியில் வருவதாக வைத்துக்கொண்டால், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு வண்டியைப் பின்னால் இழுக்கும். அது 620 கிலோ. தார்ச்சாலையில் சக்கரம் உருள்வதற்கே நூற்றுக்கு 2 பங்கு இழுவை வேண்டும். அது ஏறக்குறைய 125 கிலோ. இரண்டும் சேர்ந்து 745 கிலோ இழுவை இருந்தால்தான் வண்டி நகரும்.

மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் இந்த 745 கிலோவை இழுக்கத் தேவைப்படுவது சுமார் 14 குதிரைத்திறன். கியர்ப்பெட்டியில் வீணாவதைச் சேர்த்தாலும் 20-க்குள் முடிந்துவிடும். 45 குதிரைத்திறன் எஞ்சினுக்கு இது பொருட்டே இல்லை. ஆனால், அந்தத் திறனைச் சாலையில் இறக்குவது பின் சக்கர டயர் மட்டும்தான். காய்ந்த தார்ச்சாலையில் டயர், தன்மேல் இருக்கும் எடையில் நூற்றுக்கு 70 பங்கு பிடிக்கும் என்று கொண்டால் 875 கிலோ கிடைக்கிறது. போதும். மழை பெய்து நனைந்த சாலையில் பிடி அந்த எடையில் பாதியாகக் குறைந்தால் 625. கொக்கியின்மேல் முன்பாரம் விழாவிட்டால், ஏற்றத்தில் எடை கொஞ்சம் பின்னால் சாய்வதால் சற்றுக் கூடும் என்றாலும் 745-ஐ எட்டாது. சக்கரம் வழுக்கிச் சுற்றும். சேற்று வரப்பில் பிடி 30 பங்குதான் என்றால், கேட்கவே வேண்டாம்.

"செங்கல்லை ரெண்டா பிரிச்சுக்குங்க. டிப்பர்ல நானூறு, பிக்கப்புல நானூறு. மிச்சத்தை மாப்ள நாளைக்கு எடுத்துட்டுப் போவட்டும். மழை வந்தாலும் தாங்கற அளவு அதுதான்" என்று முடித்தார் பட்டறைக்காரர்.

நானூறு கல் 1,200 கிலோ. மொத்த எடை 4,400 ஆகிறது. தேவைப்படும் இழுவை 530 கிலோவுக்குள் அடங்குகிறது. நனைந்த சாலையின் 625-க்கும் இது உள்ளேதான். பிக்கப்பிலும் 1,300-க்குள் 1,200 கிலோ கல் போக, ஓட்டுநருக்கு இடம் இருக்கிறது.

முன்பாரம்... பின்பாரம்!

மாட்டு வண்டி ஓட்டிய தலைமுறைக்கு இந்த இரண்டு சொற்களும் உயிர். பாரம் முன்னால் அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே எழும்பி, கழுத்துக் கயிறு மாட்டை நெரிக்கும். மூட்டையை ஏற்றிவிட்டு, வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். கைக்குக் கொஞ்சம் கனக்க வேண்டும். அதுதான் சரியான பாரம்.

இரண்டு சக்கர டிப்பரும் அதேதான். நுகத்தடிக்குப் பதில் கொக்கி. டிப்பரும் சரக்கும் சேர்ந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொக்கியின்மேல் விழ வேண்டும். அதற்குக் குறைந்தால் டிப்பர் வால் ஆட ஆரம்பிக்கும். பள்ளத்தில் விழுந்தால் டிராக்டரின் பின்பக்கத்தையே மேலே தூக்கும். முன்பாரம் மிதமிஞ்சினாலும் ஆபத்துதான். கொக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், அங்கே பாரம் ஏற ஏற முன் சக்கரம் லேசாகிவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது எப்போதும் முன் சக்கரத்தில் இருக்க வேண்டும். 2,000 கிலோ டிராக்டர் என்றால் 400 கிலோ.

செங்கல் ஏற்றும்போது ஆட்கள் வழக்கம்போல முன்பலகையை ஒட்டியே அடுக்கிவிட்டார்கள். டிப்பரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, கொக்கித் தண்டின் முனையை மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் இறக்கினார்கள். 410 கிலோ காட்டியது. டிப்பரும் கல்லும் சேர்ந்து 2,400 கிலோதான். 240 முதல் 360 வரை இருந்தால் போதும். முன்வரிசைக் கற்களை எடுத்துப் பின்னால் மாற்றியதும் 260-க்கு வந்தது. பிறகு டிராக்டரில் பூட்டி, முன் சக்கரங்களை மட்டும் எடை மேடையில் ஏற்றினார்கள். 650 கிலோ.

"இப்போ கிளம்புங்க" என்றார் பட்டறைக்காரர்.

காரவள்ளியில் தொடங்கும் எழுபது

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வரை சமவெளிச் சாலை. காளப்பநாயக்கன்பட்டி தாண்டியதும் மலை கண்ணெதிரே சுவராக எழுகிறது. கடையேழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை. ஆடிப் பதினெட்டை ஒட்டி இங்கே அவன் பெயரில் அரசு விழா நடக்கிறது. அந்த நாட்களில் வண்டிகள் எறும்பு வரிசையாக ஏறும். மற்ற நாட்களில் காரவள்ளிச் சோதனைச்சாவடியைக் கடந்ததும் காட்டின் அமைதிதான். அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு.

மாமன் டிராக்டரில் முன்னால் போக, மருமகன் பிக்கப்பில் பின்னால் வந்தார். காரவள்ளியிலேயே டிராக்டரை நிறுத்தி, இடது வலது பிரேக் பெடல் இரண்டையும் சேர்க்கும் தகட்டைப் போட்டுக்கொண்டார் மாமன். உழவில் திரும்புவதற்காக அவற்றைப் பிரித்து வைத்திருப்பது வழக்கம். சாலையில் அப்படியே ஓட்டி, அவசரத்துக்கு ஒரு பெடலை மட்டும் மிதித்தால், ஒரு சக்கரம் மட்டும் நின்று வண்டி சுழன்றுவிடும். பின்னால் டிப்பர் இருந்தால் கவிழ்ந்தே போகும்.

முதல் பத்து வளைவுகள் வரை முட்செடிகளும் உலர்ந்த காடும். அதன்பிறகு மூங்கில் தலைகாட்டுகிறது. ஏற ஏற காற்று மாறுகிறது. வெயிலின் சுள்ளென்ற சூடு போய், ஈரமண் வாசனை வருகிறது. ஒவ்வொரு வளைவிலும் டிராக்டரின் முன் சக்கரம் வெளி ஓரத்தைத் தொட்டுத் திரும்ப, டிப்பரின் சக்கரம் உள் ஓரத்தை வெட்டிக்கொண்டு போகிறது. டிராக்டர் போகும் தடத்திலேயே டிப்பர் வராது, எப்போதும் உள்ளே ஒதுங்கித்தான் வரும். அந்த இடத்தில் ஓர் இருசக்கர வண்டி நுழைந்துவிட்டால் ஓட்டுபவருக்குத் தெரியாது. அதனால்தான் வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்து, பின்னால் பார்த்து, எதிரே வருபவர் நின்ற பிறகே திரும்ப வேண்டியிருக்கிறது. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும் வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும்.

முப்பத்தெட்டாவது வளைவில் மழை பிடித்துக்கொண்டது. மேகம் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டது. இரண்டாவது கியரில் ஒரே சீராக ஏறிக்கொண்டிருந்த டிராக்டரின் பின் சக்கரம், சருகு மூடிக் கிடந்த ஓர் இடத்தில் அரைச் சுற்று வழுக்கியது. மாமன் ஆக்சிலேட்டரைக் கூட்டவில்லை, கொஞ்சம் குறைத்தார். டயர் மறுபடி பிடித்துக்கொண்டது.

அடுத்த அகலமான இடத்தில் நிறுத்தி, டிப்பருக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு இருவரும் பிக்கப்பில் உட்கார்ந்தார்கள். "ஆயிரம் கல்லையும் ஏத்தியிருந்தா?" என்று மருமகன் கேட்டார். மாமன் ஃபிளாஸ்க்கிலிருந்த டீயை ஊற்றிக் கொடுத்தார். பதில் சொல்லவில்லை.

இறக்கம்தான் சோதனை

மலையேறும்போது முடியாவிட்டால் வண்டி நின்றுவிடும். இறங்கும்போது முடியாவிட்டால் நிற்காது. கொல்லிமலை விவசாயிக்கு டிப்பரின் உண்மையான வேலை இறக்கத்தில்தான். மரவள்ளிக் கிழங்கைக் காட்டுச் சரிவிலிருந்து சாலைக்குக் கொண்டுவர வேண்டும். சாலையிலிருந்து லாரி, சமவெளியில் இருக்கும் சேகோ ஆலைகளுக்கு ஏற்றிப் போகும்.

முதலில் இந்த விவசாயி கேட்டது நாலு சக்கர டிரெய்லர்தான். அது நிறையக் கொள்ளும், பூட்டுவதும் எளிது. ஆனால், அதன் பாரம் முழுவதையும் அதன் நாலு சக்கரங்களே தாங்கிக்கொள்ளும். டிராக்டரின்மேல் எதுவும் விழாது. பெரும்பாலான டிராக்டர்களில் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் பிரேக். பிரேக் இல்லாத நாலு சக்கர டிரெய்லரில் 3 டன் ஏற்றி, பத்துக்கு ஒன்று சரிவில் மழைநாளில் இறங்கினால் என்ன ஆகும்?

மொத்தம் அதே 6,200 கிலோ. சரிவு கீழே தள்ளுவது 620 கிலோ. உருளும்போது ஏற்படும் தடை 125 கிலோவைக் கழித்துக்கொண்டாலும் 500 கிலோ அளவுக்கு பிரேக் பிடித்தால்தான் வேகம் கூடாமல் இருக்கும். இறக்கத்தில் டிராக்டரின் எடை முன்னால் சாய்கிறது. பின்னாலிருந்து டிரெய்லர் வேறு முட்டித் தள்ளுகிறது. பின் சக்கரங்களின்மேல் மிஞ்சுவது சுமார் 1,100 கிலோ. ஈரச் சாலையில் பாதிப் பிடி என்றால் 550. ஆக, நிற்பதற்கு மிச்சம் இருப்பது வெறும் 50 கிலோ பிடி. மணிக்கு 15 கிலோமீட்டர் என்ற மிதிவண்டி வேகத்தில் வந்தாலும், அந்த வண்டி நிற்க ஏறக்குறைய 100 மீட்டர் ஆகும். அதற்குள் ஒரு வளைவு வந்துவிட்டால்?

பட்டறைக்காரர் இரண்டு சக்கர டிப்பரைச் சொன்னதற்கும், அதன் சக்கரங்களுக்குத் தனியாகப் பிரேக் வைத்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததற்கும் இதுதான் காரணம். கொக்கியின்மேல் விழும் முன்பாரம் டிராக்டரின் பின் சக்கரத்துக்குப் பிடியைக் கூட்டுகிறது. இறக்கத்தில் டிப்பர் டிராக்டரை முட்டும்போது, அந்த முட்டலே ஒரு தண்டை நகர்த்தி டிப்பர் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்க வைக்கிறது. பாரம் எந்தச் சக்கரத்தின்மேல் இருக்கிறதோ, அந்தச் சக்கரமே நிறுத்துகிறது. பிரேக்குக்காகக் கூடுதலாகச் செலவானபோது மருமகன் முகம் சுளித்தார். முப்பத்தெட்டாவது வளைவுக்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

இறங்கும்போது இன்னொரு பழக்கம் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டிவிடுவது. அந்த நிமிடமே எஞ்சினின் பிடிப்பு போய்விடுகிறது. மிஞ்சுவது பிரேக் மட்டும்தான். விடாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிறகு கியர் போட முயன்றாலும் விழாது. எந்தக் கியரில் ஏற முடியுமோ, அந்தக் கியரில்தான் இறங்க வேண்டும். அதையும் இறக்கம் தொடங்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

சோளக்காட்டில் ஒரு நிறுத்தம்

எழுபதாவது வளைவைத் தாண்டிச் சோளக்காடு வந்தபோது மழை விட்டிருந்தது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே வந்தாகிவிட்டது. சாலையோரக் கடைகளில் அன்னாசி, மலை வாழை, மிளகு, தேன். அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் போகிற வெளியூர்க்காரர்கள் கார்களை நிறுத்தி விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். டிராக்டரின் சூடு காட்டும் முள்ளைப் பார்த்துவிட்டு மாமன் எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினார். கையை வைத்து டயரையும் சக்கரத்தின் குடத்தையும் தொட்டுப் பார்த்தார். கொக்கிப் பின்னை இழுத்துப் பார்த்தார். இன்னும் செம்மேடு போக வேண்டும். அதற்குப் பிறகு ஒரு மண்பாதை.

அந்த மண்பாதையில்தான் இந்த வீட்டின் பழைய காயம் இருக்கிறது. ஆறு வருடங்களுக்கு முன்பு, வெட்டிப்போட்ட சில்வர் ஓக் மரத்தை இழுப்பதற்காக, விவசாயியின் அண்ணன் சங்கிலியை டிராக்டரின் கீழ்க் கொக்கியில் மாட்டாமல், மேலே இருக்கும் டாப் லிங்க் பிடியில் மாட்டினார். மரம் ஒரு வேரில் சிக்கியது. கிளட்ச்சை விட்டதும் முன் சக்கரம் எழும்பியது. கீழே குதிக்க நினைப்பதற்குள் டிராக்டர் மல்லாந்து விழுந்துவிட்டது. ஒன்றிரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும் விஷயம் அது. உயிர் பிழைத்தார், இடுப்பு போய்விட்டது. அன்றிலிருந்து திண்ணைதான் அவருக்கு உலகம்.

கொக்கி பின் அச்சுக்குக் கீழே இருக்கும்வரை, இழுவை அதிகமானால் சக்கரம் வழுக்கும் அல்லது எஞ்சின் நிற்கும். அச்சுக்கு மேலே கட்டினால் அதே இழுவை டிராக்டரைப் பின்னால் புரட்டும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு வீடு கொடுத்த விலை பெரிது.

சாயங்காலம் நாலு மணிக்கு டிப்பர் வீட்டு வாசலுக்கு வந்தது. முதல் வேலையாக முட்டுக்கட்டை. பிறகு எஞ்சினை நிறுத்தினார்கள். பிக்கப்பிலிருந்து செங்கல்லை இறக்கிக்கொண்டிருந்த மருமகனைத் திண்ணையிலிருந்து பெரியவர் கூப்பிட்டார்.

"ஏண்டா, முன்பாரமா பின்பாரமா?"

"முன்பாரம்தான் பெரிய மாமா. இருநூத்தி அறுபது கிலோ. தராசுல வெச்சுப் பார்த்துட்டோம்."

பெரியவர் டிப்பரின் கொக்கியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கீழதான் மாட்டியிருக்கீங்க" என்றார். பிறகு எல்லோருக்கும் காப்பி போடச் சொன்னார்.

டிப்பர் பூட்டும் முன்...

* எடை தெரியாமல் ஏற்றாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ; 5,000 லிட்டர் டேங்கர் என்றால் தண்ணீர் மட்டுமே 5 டன். அரைகுறையாக நிரப்பிய டேங்கரில் தண்ணீர் அலைமோதி வண்டியைச் சாய்க்கும். ஒரு யூனிட் (100 கன அடி) ஈர வண்டல் மண் 4 டன்னைத் தாண்டும். ஏரி வண்டல் அடிக்கும்போது, டிப்பர் நிறையவில்லையே என்று பார்க்காமல் எடையைப் பாருங்கள்.

* டிராக்டரையும் வெற்று டிப்பரையும் ஒருமுறையாவது எடை மேடையில் ஏற்றி, முன் சக்கரம், பின் சக்கரம் எனத் தனித்தனியாக எடை பாருங்கள். சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

* டிப்பர் எடையில் பத்தில் ஒரு பங்காவது முன்பாரமாக இருக்கட்டும். டிராக்டர் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் இருக்கட்டும். தேவைப்பட்டால் முன்பக்கம் எடைக்கட்டி மாட்டுங்கள்.

* கொக்கி எப்போதும் பின் அச்சுக்குக் கீழே. டாப் லிங்க் பிடியில் சங்கிலி கட்டி இழுக்கவே கூடாது. கொக்கிப் பின்னுக்குப் பூட்டூசியும், கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் அவசியம்.

* சாலையில் இரண்டு பிரேக் பெடல்களையும் இணைத்தே ஓட்டுங்கள். மேடு பள்ளமான ஊர்களில் டிரெய்லருக்கும் தனிப் பிரேக் வையுங்கள்.

* இறக்கத்தில் நியூட்ரல் கூடாது. நடுச்சரிவில் கியர் மாற்றவும் கூடாது.

* நிறுத்தியதும் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை. சாலையில் கிடக்கும் கல்லை வைத்துவிட்டு அப்படியே விட்டுப் போகாமல், மரக்கட்டை ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள்.

* டிரெய்லருக்கும் தனியாகப் பதிவு வேண்டும். பின்னால் சிவப்பு ஒளிப்பட்டையும் விளக்கும் இல்லாமல் இருட்டில் சாலைக்கு வராதீர்கள். டிரெய்லரில் ஆட்களை ஏற்றாதீர்கள். கரும்பு வெட்டப் போகிறவர்களும் கோயிலுக்குப் போகிறவர்களும் இதில் அடக்கம்.